வெள்ளத்துக்கு நாள் உண்டு, வறட்சிக்கு இல்லை



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வயல் செய்யும் வாப்பாமாரும் காக்காமாரும் கட்டாயம் வாசிக்க வேண்டும். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்டிருக்கிறோம்.

எங்கள் பாடசாலை மைதானத்தின் மேற்கு மூலையில் நின்ற தேக்கு மரத்தை அங்கு படித்த எல்லோருக்கும் தெரியும். அதன் நிழலில் நின்று முட்டிக்கால் போட்டவர்கள் இன்று வெளிநாட்டில் இருந்தும் இதை வாசிப்பீர்கள். 2023 செப்டெம்பரில், மாரி தொடங்கும் முன், உரிய அனுமதி எடுத்து அதைத் தறித்தார்கள். ஒரு பெரிய கொப்பு வகுப்பறைக் கூரைக்கு மேல் சாய்ந்து நின்றது. பிள்ளைகளின் தலைதான் முக்கியம். அதில் எங்களுக்கு மறுபேச்சு இருக்கவில்லை.

மரத்தை ஏற்றிக்கொண்டு போகும் முன், அடியிலிருந்து ஒரு வட்டத்தை மட்டும் அறுத்துத் தரும்படி ஓடாவியாரிடம் கேட்டோம். நாலு விரல் தடிப்பில் அறுத்துத் தந்தார்.

"மேசை செய்யவா டீச்சர்?"

"இல்ல காக்கா, எண்ணுறதுக்கு."

ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

தரம் 10 பிள்ளைகள் இரண்டு நாள் சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க வளையங்கள் எழுந்து வந்தன. நடுவில் கருத்த வைரம், ஓரத்தில் வெளிறிய பகுதி, இரண்டிலும் கோடு கோடாக வட்டங்கள். மையத்திலிருந்து பட்டை வரை நான்கு திசைக்கு நான்கு கோடு கீறி, ஒரு கோட்டை ஒரு குழுவுக்குக் கொடுத்தோம். ஆசிரியர் கலாசாலையில் எழுதிய குறிப்பை அப்படியே கரும்பலகையில் போட்டோம்: ஒரு வளையம், ஒரு வருஷம். எண்ணினால் மரத்தின் வயது வரும்.

முதலாவது குழு 44 என்றது. இரண்டாவது 41. மூன்றாவது 47. நான்காவது 39.

மறுபடி எண்ணச் சொன்னோம். அதே விடைகள்தான் வந்தன. பின்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப இந்த மரத்துக்கு நாலு வயசா டீச்சர்?" என்று கேட்டது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நாங்களும் சிரித்தோம். ஆனால் உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது. பத்து வருஷத்துக்கு மேலாக இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஒரு தடவைகூட மரத்தை வைத்து எண்ணிப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் இன்னொன்று நடந்தது. ஒரு பையன் வீட்டில் விழுந்த தென்னையில் ஒரு துண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். "இதில வட்டம் ஒண்டும் இல்லையே டீச்சர்?" இல்லைதான். தென்னை, பனை, கமுகு எதிலும் இருக்காது. அவை ஒருவித்திலைத் தாவரங்கள். வருஷத்துக்கு ஒரு படையாகத் தடிக்கும் அமைப்பே அவற்றுக்குக் கிடையாது. மழையும் வெயிலும் வருஷம் முழுக்க மாறி மாறிக் கிடைக்கும் எங்கள் பக்கத்தில் வேறு பல மரங்களிலும் வளையம் தெளிவாக விழுவதில்லை. குளிர் நாட்டுப் புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து நாங்கள் எல்லா மரத்துக்கும் சட்டம் போட்டுவிட்டோம்.

தேக்கு அப்படியல்லாத சில மரங்களில் ஒன்று. பட்டைக்கு உள்ளே மாறிழையம் என்று ஒரு மெல்லிய படை இருக்கிறது. மண்ணில் ஈரமும் கொப்பில் இலையும் இருக்கும் காலத்தில் அது உட்பக்கமாகப் புதிய காழை அடுக்கிக்கொண்டே போகும். கோடை முற்றினால் தேக்கு இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும்; மாறிழையமும் ஓய்ந்துவிடும். திரும்ப ஈரம் கிடைத்து வேலை தொடங்கும்போது முதலில் வருபவை அகன்ற குழாய்கள். ஊசியால் வரிசையாகக் குத்தியது போல வெறுங்கண்ணுக்கே தெரியும். அந்தத் துளை வரிசைதான் ஒரு வளையத்தின் தொடக்கம். நல்ல மழை கிடைத்தால் வளையம் அகலமாக வளரும். மண் காய்ந்தால் ஒடுங்கிவிடும்.

பிழை எங்கே வருகிறது என்றால், மரம் சில நேரம் ஏமாந்து போகும். காய்ந்து நிற்கும்போது சித்திரையில் ஒரு மழை விழுந்தால் வளர்ச்சி திரும்பத் தொடங்கி, ஒரே வருஷத்தில் இரண்டு கோடு விழலாம். கடும் வறட்சியில் அடிமரத்தின் ஒரு பக்கத்தில் வேலையே நடக்காமல் போகலாம்; அந்தப் பக்கத்தில் அந்த வருஷத்து வளையமே இருக்காது. ஆக 47 எண்ணிய குழுவும் 39 எண்ணிய குழுவும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குக் கொடுத்த கோட்டில் இருந்ததை எண்ணினார்கள்.

இதை எப்படித் தீர்ப்பது என்று தேடியபோதுதான் ஏ. ஈ. டக்ளஸ் என்ற மனிதரைச் சந்தித்தோம். அமெரிக்க வானியலாளர். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 வருஷத்துக்கு ஒரு தடவை கூடிக் குறைகின்றன. அந்த ஏற்ற இறக்கம் மழையையும் பாதிக்கிறதா என்பது அவருடைய கேள்வி. பழைய மழைக் கணக்கு அவரிடம் இல்லை. மரத்தில் இருக்குமா என்று 1904இல் அரிசோனாவின் பிளாக்ஸ்டாப் பக்கம் தறித்த பைன் மரங்களைப் பார்க்கத் தொடங்கினார். 1911இல் அங்கிருந்து வெகு தூரத்தில் உள்ள பிரெஸ்கொட் என்ற ஊரில் மரங்களைப் பார்த்தபோது, பிளாக்ஸ்டாப் மரங்களில் கண்ட அதே ஒழுங்கு அங்கேயும் இருந்தது. ஒடுங்கியதும் அகன்றதுமாக அதே வரிசை. ஒரு மரம் ஒரு வளையத்தைத் தவறவிட்டிருந்தால் பக்கத்து மரம் காட்டிக்கொடுத்துவிடும்.

வளையத்தை எண்ணினால் மட்டும் போதாது, ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும் என்பது அவர் கண்ட வழி. உயிரோடு நிற்கும் மரத்தின் உள் வளையங்களோடு ஒரு பழைய வீட்டு வளையின் வெளி வளையங்கள் பொருந்தினால் கணக்கு அந்த வளையின் காலத்துக்கும் பின்னோக்கிப் போகும். அதோடு இன்னும் பழைய மரம் பொருந்தினால் இன்னும் பின்னுக்குப் போகும். 1929 ஜூன் 22ஆந் திகதி ஷோ லோ என்ற ஊரில் கருகிய ஒரு மரத்துண்டு கிடைத்து, அதுவரை பொருந்தாமல் நின்ற இரண்டு தொடர்களை இணைத்தது. செவ்விந்தியரின் பழைய கல்வீடுகள் எந்த ஆண்டில் கட்டப்பட்டவை என்று அதன் பிறகுதான் சொல்ல முடிந்தது. 1276 முதல் 1299 வரை அந்தப் பகுதியைப் பிடித்த ஒரு நீண்ட வறட்சியும் அந்த வளையங்களில் தெரிந்தது. அந்தக் காலத்தில்தான் அங்கே பல குடியிருப்புகள் வெறிச்சோடின.

இன்று இதற்காக மரம் தறிக்க வேண்டியதில்லை. உள்ளே குழலாக இருக்கும் ஒரு துளைகருவியைக் கையால் திருகி, பென்சிலை விட மெல்லிய ஒரு குச்சியை உருவி எடுக்கிறார்கள். மரம் பிழைத்துக்கொள்ளும். ஒரு இடத்தில் பல மரங்களில் எடுத்து ஒப்பிடுவார்கள். பிறகு மழைமானி இருந்த காலத்து வளையங்களையும் மழை அளவையும் பக்கம் பக்கமாக வைத்து, எவ்வளவு அகலத்துக்கு எவ்வளவு மழை என்று ஒரு தொடர்பைக் கண்டுபிடிப்பார்கள். அதை அப்படியே நம்பிவிட மாட்டார்கள். மழை அளவு தெரிந்த வேறு சில ஆண்டுகளில் போட்டு, சரியாக வருகிறதா என்று சோதிப்பார்கள். நாங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பழைய வினாத்தாளில் பயிற்சி கொடுத்து, விடை தெரிந்த இன்னொரு வினாத்தாளில் சோதித்துப் பார்க்கிறோமே, அது மாதிரி. அதில் சித்தியடைந்த பிறகுதான் மழைமானி இல்லாத காலத்துக்குள் போவார்கள்.

நாங்களும் அதே வழியில் திரும்பத் தொடங்கினோம். எண்ணுவதை விட்டுவிட்டு, பிள்ளைகள் ஒவ்வொரு வளையத்தையும் விரலால் பிடித்துக்கொண்டு பலகையைச் சுற்றி வந்தார்கள். ஒரு கோடு இன்னொரு கோட்டோடு போய்ச் சேர்ந்து காணாமல் போன இடம் அகப்பட்டது. ஒன்று இரண்டாகப் பிரிந்த இடமும் அகப்பட்டது. கடைசியில் 43 என்றும் 44 என்றும் இரண்டு விடையில் வந்து நின்றோம். ஓய்வுபெற்ற காவலாளி மாமாவைக் கேட்டால், "சூறாவளியில கூரையோட நிண்ட மரமெல்லாம் போயிட்டு. அடுத்த மாரிக்கு நட்டது" என்றார். சூறாவளி 1978 நவம்பர். அடுத்த மாரி 1979. அங்கிருந்து எண்ணினால் 44. அந்த ஒன்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று இன்றுவரை தேடுகிறோம்.

பட்டையிலிருந்து உள்ளே எண்ணி ஏழாவது வளையம் மூன்று கோடுகளில் நன்றாக ஒடுங்கியிருந்தது. கணக்குப்படி அது 2016இலிருந்து 2017க்குப் போன மாரி. அந்த வறட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். பவுசரில் தண்ணீர் வந்த காலம். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். நாங்களும் அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டோம். அப்போது தேநீர் கொண்டுவந்த ராத்தா, "அந்த வருஷம்தானே இதுக்குப் பக்கத்தால கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டினாங்க. வேரெல்லாம் வெட்டுப்பட்டுக் கிடந்தது" என்றார்.

எழுதியதை அழித்தோம். மழை இல்லாமல் ஒடுங்கியதா, வேர் அறுபட்டு ஒடுங்கியதா? ஒரு மரத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் பல மரம் வேண்டும் என்பது. புழு, நிழல், கொப்பு வெட்டு, வேர் வெட்டு என்று ஒவ்வொரு மரத்துக்கும் சொந்தத் துன்பம் ஒன்று இருக்கும். இருபது மரத்துக்கும் ஒரே வருஷத்தில் வந்த துன்பம் என்றால் அதுதான் வானத்திலிருந்து வந்தது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது.

நாங்கள் மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ படிக்கும்போது வாப்பா வாய்க்கால் கடைசியில் மூன்று ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்தார். சிறுபோகம் செய்வதற்கு. அதற்கு முந்திய மூன்று வருஷமும் கடைசி வயல் வரை தண்ணீர் வந்திருந்தது. "மூணு வருஷம் வந்த தண்ணி நாலாவது வருஷம் வராமலா போகும்" என்று சொல்லி உம்மாவின் காப்பை ஈடு வைத்தார். வெள்ளாமை குடலைப் பருவத்தில் நிற்கும்போது தண்ணீர் நின்றது. தலைவாய்க்காலில் இருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். எங்கள் வயலில் மாடு விட்டார்கள். காப்பு மூழ்கிப் போனது. உம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கல்யாண வீடுகளுக்குப் போகும்போது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வார்.

அது எந்த வருஷம் என்று இந்தப் பலகை வந்த பிறகு வீட்டில் கேட்டோம். உம்மா, தம்பி தவழ்ந்த வருஷம் என்றார். வாப்பா, இல்லை, அதற்கு முதல் வருஷம் என்றார். சாச்சா வேறொரு வருஷம் சொன்னார். எங்கள் குடும்பத்தையே புரட்டிப் போட்ட ஒரு வருஷம், அதற்கு இலக்கம் இல்லை.

ஆனால் இதே ஆட்களிடம் வெள்ளத்தைக் கேட்டுப் பாருங்கள். 57 வெள்ளம் என்றால் வாப்பும்மா காலத்து ஆட்கள் எந்த வீட்டுத் திண்ணை வரை தண்ணீர் ஏறியது என்று கையை வைத்துக் காட்டுவார்கள். 78 சூறாவளி என்றால் எந்த நேரத்தில் காற்று திரும்பியது என்பது வரை சொல்வார்கள். வயதுகூட அப்படித்தான் சொல்கிறோம்: சூறாவளிக்கு அடுத்த வருஷம் பிறந்தவள், வெள்ளத்தில் கைக்குழந்தையாக இருந்தவன் என்று. வறட்சியை வைத்து யாராவது பிள்ளையின் வயதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வெள்ளம் ஒரு இரவில் வருகிறது. வறட்சிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. இன்றைக்குப் பெய்யும், நாளைக்குப் பெய்யும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்து முடிந்துவிடுகிறது. பிறகு ஒரு மழை பெய்ததும் மறந்துவிடுகிறோம்.

மரத்தின் ஞாபகம் இதற்கு நேர்மாறு. போதுமான அளவு தண்ணீர் கிடைத்த பிறகு இன்னும் எவ்வளவு பெய்தாலும் வளையம் அந்த அளவுக்கு அகலிக்காது. வெயிலோ மண்ணின் சத்தோ வேறு ஏதோ தடையாகிவிடும். அதனால் பெருமழையை மரம் அவ்வளவு நன்றாக எழுதாது. தண்ணீர் குறைந்த வருஷத்தை ஒடுங்கிய கோடாகப் பதிந்து வைத்துவிடும். நாங்கள் மறப்பதை அது எழுதுகிறது. அது தவறவிடுவதை நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம்.

வாப்பாவின் கணக்கு படிக்காதவரின் கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். படித்தவர்கள், சட்டத்தரணிகள், பொறியியலாளர்கள் கூடி இருந்து இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். 1922இல் அமெரிக்காவின் ஏழு மாநிலங்கள் கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட ஒப்பந்தம் செய்தன. கையில் இருந்தது ஏறத்தாழ இருபது வருஷ அளவீடு. அதைப் பார்த்து ஆற்றில் வருஷத்துக்கு 16 மில்லியன் ஏக்கர் அடிக்கும் மேல் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். மேல் பகுதிக்கு 7.5 மில்லியன், கீழ்ப் பகுதிக்கு 7.5 மில்லியன் என்று எழுதினார்கள். எங்கள் சேனாநாயக்க சமுத்திரம் முட்ட நிறைந்தால் சுமார் 770,000 ஏக்கர் அடி. அப்படிப் பார்த்தால் அவர்கள் பங்கிட்டது கிட்டத்தட்ட 20 சேனாநாயக்க சமுத்திரம். பிறகு 1944இல் மெக்சிகோவுக்கும் 1.5 மில்லியன் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

1976இல் ஸ்டொக்டன், ஜேக்கபி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த ஆற்றின் மேல் படுகை மரங்களின் வளையங்களைக் கொண்டு நான்கு நூற்றாண்டுக்கும் மேலான நீரோட்டத்தைக் கணித்தார்கள். நீண்டகாலச் சராசரி 13.5 மில்லியன் அளவில்தான் வந்தது. ஒப்பந்தக்காரர்கள் பார்த்த அந்த இருபது வருஷம், அந்த நூற்றாண்டுகளிலேயே மிகவும் ஈரமான காலங்களில் ஒன்று. இல்லாத தண்ணீரைப் பங்கு போட்டிருக்கிறார்கள். இவ்வளவு தண்ணீர் இல்லை என்று அன்றே சொன்ன நீரியல் வல்லுநர்களும் இருந்தார்கள், அது எடுபடவில்லை. பிறகு 2000ஆம் ஆண்டிலிருந்து வறட்சியும் சூடும் சேர்ந்துகொண்டன. ஹூவர் அணைக்குப் பின்னால் இருக்கும் மீட் ஏரி 2022இல், 1930களில் நிரப்பப்பட்ட பிறகு கண்டிராத மட்டத்துக்கு இறங்கியது.

மூன்று வருஷத்தை நம்பி எங்கள் வீட்டில் ஒரு சோடிக் காப்புப் போனது. இருபது வருஷத்தை நம்பி அங்கே ஏழு மாநிலம் இன்றும் அடிபடுகிறது.

ஆசியாவிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. கம்போடியாவின் அங்கோர் நகரத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் நாட்டைப் போலவே குளம் கட்டி வாழ்ந்த அரசு; அங்குள்ள மேற்கு பாராய் என்ற குளம் மட்டும் 8 கிலோமீற்றர் நீளம். தெற்கு வியட்நாமின் மலைகளில் நிற்கும் ஒருவகைச் சைப்பிரஸ் மரங்களின் வளையங்களைக் கொண்டு பிரெண்டன் பக்லி குழுவினர் ஏழரை நூற்றாண்டின் மழை வரலாற்றை 2010இல் வெளியிட்டார்கள். 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் பல பத்து வருஷங்களுக்கு நீண்ட வறட்சிகள், அவற்றின் இடையிடையே கடும் மழைகள் என்று அது காட்டியது. வறட்சிக்காக மாற்றி அமைத்த வாய்க்கால்களை வெள்ளம் வந்து மண்ணால் மூடியிருக்கிறது. அங்கோர் வீழ்ந்ததற்கு அரசியலும் போரும் காரணம்; மழையும் ஒரு காரணம் என்கிறார்கள்.

அதே ஆண்டில் எட்வர்ட் குக் குழுவினர் ஆசியாவில் 300க்கும் மேற்பட்ட இடங்களின் மரவளையங்களைச் சேர்த்து, பருவமழை பொய்த்த காலங்களை வரைபடமாகப் போட்டார்கள். அதில் 1876 முதல் 1878 வரையான வறட்சி பெரிதாக விழுந்திருக்கிறது. தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வது அதைத்தான். அந்தப் பஞ்சத்தில் ஊர்விட்டு இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் ஏராளம். மலையகத்தில் இன்று வாழும் எத்தனையோ குடும்பங்களின் கதை, எங்கோ ஒரு மரத்தில் ஒடுங்கிய கோடாகவும் இருக்கிறது.

எங்களுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது கேரளத்துத் தேக்கு. அங்குள்ள மரங்களிலிருந்து 1481 முதல் 2003 வரை 523 வருஷத் தொடர் ஒன்றை இந்திய ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள். பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ காலங்களிலும் தென்மேற்குப் பருவமழை பொய்த்த வருஷங்களிலும் வளையம் ஒடுங்கியிருப்பதாக அதில் கண்டார்கள்.

அப்படியானால் அதையே எங்களுக்கும் எடுத்துக்கொள்ளலாமே என்று பிள்ளைகள் கேட்டார்கள். முடியாது. கேரளத்துக்கு மழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று. அந்தக் காலத்தில் கிழக்கில் எங்களுக்குக் காய்ச்சல்தான். எங்கள் பெரும்போகம் ஒக்டோபருக்குப் பிறகு வரும் மாரியை நம்பியது. எல் நினோ வந்தால் இந்தியாவில் பருவமழை பெரும்பாலும் குறையும். எங்களுக்கோ ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான மழை பெரும்பாலும் கூடும். பக்கத்து நாட்டு மரத்தின் வறட்சி எங்கள் வெள்ளமாக இருக்கலாம். ஞாபகத்தை இரவல் வாங்க முடியாது. எங்களுடையதை நாங்கள்தான் எழுத வேண்டும். தேக்கு இங்கே பூர்வீக மரமும் அல்ல. வெளியிலிருந்து வந்து நட்டது. நாட்டின் மழைமானிப் பதிவும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குத்தான் போகிறது. கையில் இருப்பது அவ்வளவுதான் என்பதால்தான் இருப்பதைத் தொலைக்கக் கூடாது என்கிறோம்.

யூஸுப் நபியின் வரலாறு குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய பிள்ளைக்கும் தெரியும். ஏழு நல்ல வருஷம், அதன் பின் ஏழு கடும் வருஷம். நல்ல வருஷத்தில் கடும் வருஷத்தை நினைத்துக் கதிரோடு சேமித்து வைத்ததுதான் அங்கே மக்களைக் காப்பாற்றியது. அவர்களுக்கு வரப்போவது அறிவிக்கப்பட்டது. எங்களுக்கு அப்படி அறிவிப்பு இல்லை. மரவளையமும் அடுத்த வருஷம் என்ன நடக்கும் என்று சொல்லாது. எதெல்லாம் நடந்திருக்கிறது, ஆகவே எதெல்லாம் நடக்கலாம் என்பதை மட்டும் சொல்லும்.

இந்த மாரியில் மழை தாராளமாகப் பெய்தது, அல்ஹம்துலில்லாஹ். இன்னும் கொஞ்ச நாளில் சிறுபோகக் கூட்டம் வரும். எத்தனை ஏக்கர் செய்வது, கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று தீர்மானிப்பார்கள். அங்கே போய் விவசாயம் சொல்லிக்கொடுக்கும் தகுதி எங்களுக்கு இல்லை. ஒரேயொரு கேள்வியை மட்டும் யாராவது கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்: நாங்கள் இப்போது சொல்லும் "வழமையாக வரும் தண்ணி" எத்தனை வருஷத்து வழமை?

போன கிழமை வாப்பாவைப் பாடசாலைக்குக் கூட்டிவந்தோம். பலகையைப் பார்த்தார், தடவினார். "உங்கட வயல் காய்ஞ்ச வருஷம் எது மூத்தப்பா, காட்டுங்க" என்று பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். நடுப்பகுதியில் ஒடுங்கிய ஒரு வளையத்தில் நகத்தை வைத்தார். எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். எப்படித் தெரியும் என்று ஒரு பிள்ளை கேட்டது.

"எனக்கெங்க தெரியும் புள்ள. ஒண்டைக் காட்டச் சொன்னீங்க, காட்டினன்" என்றார்.

அவர் கை வைத்த இடத்தில் பிள்ளைகள் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். அது அப்படியே இருக்கிறது.

இனி நாங்கள் கேட்க வந்த உதவி.

ஒன்று: இதற்காக ஒரு மரத்தையும் தறிக்க வேண்டாம். ஆனால் வேறு காரணத்துக்காகத் தறிக்கும் தேக்கு இருந்தால், அடியில் ஒரு வட்டத்தை அறுத்து வையுங்கள். தறித்த மாதத்தையும் வருஷத்தையும் அதன் மேலேயே எழுதுங்கள். நட்ட வருஷம் தெரிந்தால் அதையும். பிள்ளைகள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு: வட்டவிதானைமார் எழுதி வைத்த பழைய கொப்பிகள், போடியார் வீட்டு நெல்லுக் கணக்கு, கடைக் கணக்கு, மழை தேடித் தொழுத நாள் குறித்திருக்கும் பள்ளிவாசல் பதிவு, எதுவானாலும் எரிக்கவும் வேண்டாம், பழைய பேப்பர்காரருக்குக் கொடுக்கவும் வேண்டாம். ஒரு நாள் இரவல் தாருங்கள். படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம். மரத்தின் வளையத்துக்கு இலக்கம் போட இவைதான் வேண்டும்.

மூன்று: 2023 ஒக்டோபரிலிருந்து எங்கள் பிள்ளைகள் வெட்டிய போத்தலை வைத்துக் காலை எட்டரை மணிக்கு மழை அளந்து எழுதுகிறார்கள். லீவு நாளிலும் முறை வைத்து வருகிறார்கள். மழை இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுத வேண்டும் என்பது எங்கள் சட்டம். முதலில் அதற்குத்தான் சலித்துக்கொண்டார்கள், ஒன்றும் பெய்யாத நாளை என்னத்துக்கு டீச்சர் எழுதுறது என்று. இப்போது கேட்பதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு போத்தலும் ஒரு கொப்பியும் வைக்கலாம். வைப்பவர்கள் கீழே சொல்லுங்கள், எப்படி அளப்பது என்று பிள்ளைகளே வந்து காட்டித் தருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

உம்மாவின் காப்புப் போன வருஷத்துக்கு ஓர் இலக்கம் கிடைத்தால் முதலில் உங்களுக்குத்தான் அறிவிப்போம்.